டெஸ்ட்நெட்டில் ஓடுகிறது, அப்புறம்?

ஸ்மார்ட் கான்ட்ராக்ட் (பிளாக்செயினில் தானாக ஓடும் நிரல்) எழுதத் தொடங்கியிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில. எல்லாமே எத்தீரியத்தையும், அதே ஈவிஎம்மில் (இந்த நிரல்களை ஓட்டும் மெய்நிகர் இயந்திரம்) ஓடும் மற்ற பிளாக்செயின் சங்கிலிகளையும் பற்றியவை.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்ட் நன்றாகத் தெரியும். ட்ரஃபிள், கனாஷ் என்ற கருவிகளை வைத்து ஒரு பாடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாதி ஓடவே மாட்டேன் என்கிறது.

அந்தப் பாடத்தை மூடிவிடுங்கள். ட்ரஃபிளையும் கனாஷையும் நிறுத்தப்போவதாக 2023-லேயே அறிவித்துவிட்டார்கள், அந்தக் காலத்துப் பாடங்களில் வரும் கோர்லி டெஸ்ட்நெட்டும் (நிஜப் பணமில்லாத சோதனைச் சங்கிலி) இப்போது இல்லை. இந்தத் துறையில் பாடம் எந்த வருடத்தது என்று பார்க்காமல் உட்கார்ந்தால் பாதி நேரம் பழைய பிழைச் செய்திகளோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும். முதலில் ரீமிக்ஸ் போதும், பிரவுசரிலேயே எழுதி, கம்பைல் செய்து, ஓட்டிப் பார்க்கலாம். அப்புறம் உங்கள் கணினியில் நிறுவும் கருவிகளான ஹார்ட்ஹேட் அல்லது ஃபவுண்ட்ரி. ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த உங்களுக்கு ஹார்ட்ஹேட் பழகிய இடம் மாதிரி இருக்கும், ஆனால் என்னைக் கேட்டால் ஃபவுண்ட்ரிதான்: டெஸ்ட்டையும் கான்ட்ராக்ட் எழுதும் மொழியான சாலிடிட்டியிலேயே எழுத வேண்டியிருப்பதால் மொழி சீக்கிரம் கைவரும், ஃபஸ் டெஸ்ட்டும் (கண்டபடி உள்ளீடு கொடுத்துச் சோதிப்பது) கூடவே வந்துவிடுகிறது.

கேள்வி: செபோலியா டெஸ்ட்நெட்டின் ஈத்தர் (எத்தீரியத்தின் நாணயம்) கேட்டு, அதை இலவசமாகத் தரும் ஃபாசெட் தளம் ஒவ்வொன்றாக ஏறி இறங்குகிறேன். வேறு வழி?

அவ்வளவு சீக்கிரம் செபோலியாவுக்குப் போவானேன்? ஹார்ட்ஹேட் நோடு, ஃபவுண்ட்ரியின் ஆன்வில் இரண்டுமே உங்கள் கணினியிலேயே ஒரு சங்கிலியை எழுப்பி, ஒவ்வொரு சோதனைக் கணக்கிலும் 10,000 ஈத்தர் போட்டுத் தருகின்றன. முக்கால்வாசி வேலையை அங்கேயே முடிக்கலாம். ஒன்றே ஒன்று: அந்தச் சோதனைக் கணக்குகளின் பிரைவேட் கீ (கணக்கைத் திறக்கும் ரகசியச் சாவி) உலகத்தில் எல்லோருக்கும் ஒன்றுதான். அதில் நிஜ ஈத்தர் போட்டால், காத்திருக்கும் பாட்கள் நொடிகளில் வழித்தெடுத்துக்கொண்டு போய்விடும்.

கேள்வி: ஒரு வினாடி வினா விளையாட்டு. சரியான விடையை பிரைவேட் மாறியில் வைத்திருக்கிறேன். பாதுகாப்புதானே?

இல்லை. பிரைவேட் என்றால் வேறு கான்ட்ராக்ட் படிக்க முடியாது, அவ்வளவுதான். எந்த ஸ்டோரேஜ் ஸ்லாட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு நோடிடம் (சங்கிலியின் பிரதியை வைத்திருக்கும் கணினி) கேட்டால் அப்படியே சொல்லிவிடும். விடையை ஹேஷாக (மூலத்தைத் திருப்பி எடுக்க முடியாத சுருக்கக் குறியீடு) வைத்தாலும், நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி என்றால் நான்கையும் ஹேஷ் செய்து பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். விடையோடு ஒரு ரகசிய எண்ணையும் சேர்த்து ஹேஷ் செய்து, அந்த ஹேஷை மட்டும் முதலில் பதிந்துவிட்டு, ஆட்டம் முடிந்ததும் இரண்டையும் வெளியிடுங்கள்.

கேள்வி: மெயின்நெட்டில் (நிஜச் சங்கிலியில்) கான்ட்ராக்டை ஏற்ற, அதாவது டிப்ளாய் செய்ய, எவ்வளவு ஆகும்?

நீங்களே கணக்குப் போடலாம். பரிவர்த்தனைக்கு 21,000 கேஸ் (செய்யும் வேலையை அளக்கும் அலகு), கான்ட்ராக்ட் உருவாக்க 32,000, அதன் மேல் சங்கிலியில் தங்கும் ஒவ்வொரு பைட்டுக்கும் 200. கம்பைல் ஆன கோடு 10,000 பைட் என்றால் அதற்கு மட்டும் 20 லட்சம் கேஸ். கேஸ் விலை 5 கிவெய் (ஒரு கிவெய் என்பது ஈத்தரில் நூறு கோடியில் ஒரு பங்கு) என்று வைத்துக்கொண்டால் 0.01 ஈத்தர். டிப்ளாயின்போது ஒரே முறை ஓடும் கன்ஸ்ட்ரக்டர் செய்யும் வேலைக்குத் தனி. கோடு 24,576 பைட்டைத் தாண்டினால் டிப்ளாயே ஆகாது. ஆனால் டிப்ளாய் ஒரு தடவைச் செலவு, பயனர்கள் ஒவ்வொரு முறையும் கட்டப்போவதுதான் உங்கள் செயலியின் தலையெழுத்து. புதிதாக ஒரு ஸ்லாட்டில் எழுத ஏறக்குறைய 22,000 கேஸ், ஆகவே திரையில் காட்ட மட்டும் தேவைப்படும் தகவலை ஈவென்ட்டாக (ஸ்டோரேஜில் சேராத பதிவுக் குறிப்பு) வெளியிடுங்கள், படங்களை வெளியே வைத்து ஹேஷை மட்டும் உள்ளே வையுங்கள். புது ஆள் என்றால் நேரே ஒரு லேயர் 2-வில் (எத்தீரியத்தின் மேல் கட்டிய தனிச் சங்கிலி) இறங்குவதே நல்லது, 2024 மார்ச்சில் வந்த டென்கன் மாற்றத்துக்குப் பிறகு அங்கே கட்டணம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

கேள்வி: என் வித்ட்ரா ஃபங்ஷன்: பயனரின் இருப்பைப் படிக்கிறது, அந்தத் தொகையை அனுப்புகிறது, இருப்பைப் பூஜ்யம் ஆக்குகிறது. டெஸ்ட் எல்லாம் பாஸ். போதுமா?

போதாது. பணம் கேட்பது மனிதனாக இருந்தால் சரி, இன்னொரு கான்ட்ராக்டாக இருந்தால்? நீங்கள் ஈத்தரை அனுப்பிய நொடியில் அதனுடைய ரிசீவ் ஃபங்ஷன் ஓடும். அது திரும்ப உங்கள் வித்ட்ராவையே கூப்பிடும். உங்கள் இருப்புக் கணக்கு இன்னும் பூஜ்யம் ஆகவில்லையே, மறுபடி அதே தொகை போகும், இப்படியே பெட்டி காலியாகும் வரை. 2016 ஜூனில் தி டாவோ என்ற முதலீட்டு நிதிக் கான்ட்ராக்டிலிருந்து 36 லட்சம் ஈத்தர் போனது இந்த வகை ஓட்டையில்தான், அதைச் சரிக்கட்ட எத்தீரியமே இரண்டாகப் பிரிந்தது. உங்களுக்குத் தேவை இரண்டு வரிகளை இடம் மாற்றுவது: முதலில் பூஜ்யம், அப்புறம் அனுப்பு. கூடவே ஓப்பன்செப்பலின் லைப்ரரியின் ரீஎன்ட்ரன்சி கார்டையும் (இப்படித் திரும்பக் கூப்பிடுவதைத் தடுக்கும் பூட்டு) போட்டுவிடுங்கள். தாக்கும் கான்ட்ராக்டையும் நீங்களே எழுதி டெஸ்ட்டில் சேர்த்துவிடுங்கள். இப்போது உங்கள் டெஸ்ட்டில் வருகிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள், அதனால்தான் பாஸ் ஆகிறது.

கேள்வி: பயனரிடம் 25 யுஎஸ்டிசி (டாலரோடு இணைத்த டோக்கன்) இருக்கிறது, என் திரையில் 0.000000000025 என்று காட்டுகிறது.

எத்தீரியத்தில் யுஎஸ்டிசிக்கு தசம இடம் 6, நீங்கள் 18 என்று வகுக்கிறீர்கள். டோக்கனின் டெசிமல்ஸ் ஃபங்ஷனையே கேளுங்கள், கையால் எழுதாதீர்கள்.

கேள்வி: அலுவலக விடுப்பு விண்ணப்பத்தை டீசென்ட்ரலைஸ்டாகச் செய்யச் சொல்கிறார் மேலாளர்.

விடுப்பு தருவதும் மறுப்பதும் அவர்தானே? ஒருவரையொருவர் நம்பாத பலர் ஒரே பதிவேட்டில் எழுத வேண்டிய இடத்தில்தான் பிளாக்செயினுக்கு வேலை. இங்கே போஸ்ட்கிரெஸ் மாதிரி சாதாரண டேட்டாபேஸ் போதும். ஊழியர்களின் மருத்துவ விடுப்பு விவரம் அழிக்க முடியாத பொதுச் சங்கிலியில் போய் உட்காரும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: டிப்ளாய் செய்தபின் பிழை தெரிந்தால் திருத்த வழி உண்டா?

அந்த முகவரியில் இருக்கும் கோடைத் திருத்த முடியாது. ப்ராக்ஸி (அழைப்புகளை வேறொரு கான்ட்ராக்டின் கோடுக்குக் கடத்தும் முன்வாசல் கான்ட்ராக்ட்) வைத்தால், முகவரியும் தரவும் அப்படியே இருக்க, பின்னால் இருக்கும் லாஜிக் கான்ட்ராக்டை மட்டும் மாற்றலாம். வசதிதான், ஆனால் புதிதாக இரண்டு தலைவலி. முதலாவது, மாறிகளின் வரிசையைப் புதுப் பதிப்பில் கலைத்தால் பழைய தரவு தப்பான பெயரில் படிக்கப்படும். இரண்டாவது, இனிஷியலைஸ் செய்யாமல் (உரிமையாளர் யார் என்பது போன்ற தொடக்க அமைப்பைப் பதியாமல்) விட்ட லாஜிக் கான்ட்ராக்ட். 2017 நவம்பரில் பேரிட்டி நிறுவனத்தின் மல்டிசிக் (பலர் கையெழுத்திட வேண்டிய) வாலட்டுகள் நம்பியிருந்த பொது லைப்ரரி கான்ட்ராக்ட் அப்படித்தான் விடப்பட்டிருந்தது. யாரோ ஒருவர் அதற்குத் தானே உரிமையாளர் ஆகி, அதை அழிக்கவும் செய்தார். 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஈத்தர் அப்படியே முடங்கிப்போனது. அதனால் லாஜிக் கான்ட்ராக்டின் கன்ஸ்ட்ரக்டரிலேயே இனிஷியலைசரை முடக்குங்கள். அப்கிரேடு செய்யும் உரிமையை ஒரே ஒரு மெட்டாமாஸ்க் வாலட் கணக்கில் வைக்காமல் மல்டிசிக்குக்குக் கொடுங்கள், கூட ஒரு டைம்லாக்கும் (மாற்றம் அமலாவதைத் தாமதிக்கும் பூட்டு) போடுங்கள். மாற்றம் பிடிக்காதவர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்ப இரண்டு நாளாவது கிடைக்கும்.