நுரை, வரி, குளிர்: கிராஃப்ட் பியர் தொழில் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்காவில் சின்னப் புறூவரிகள் (பியர் ஆலைகள்) வரிசையாக மூடப்படுவதாகச் செய்தி வருகிறது. இந்த நேரத்தில் கொழும்பில் ஒன்று போட நினைப்பது புத்தியா? (கொட்டாஞ்சேனை)

செய்தி உண்மைதான். 2024இல் அங்கே புதிதாகத் திறந்த கிராஃப்ட் புறூவரிகள் (சின்ன அளவில் காய்ச்சுபவை) 430, மூடியவை 529. உற்பத்தியும் 4% இறங்கியது. எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படுவதை விட, விழுந்தது யார் என்று பாருங்கள். சான் பிரான்சிஸ்கோவின் அங்கர் புறூவரி 1896இல் தொடங்கியது. 2017இல் ஜப்பானின் சப்போரோ பியர் நிறுவனம் அதை வாங்கியது, 2023இல் மூடியது. மறு ஆண்டே இன்னொருவர் அதை வாங்கிவிட்டார் என்பது வேறு கதை. பாலஸ்ட் பொயின்ட் புறூவரியை 2015இல் கொன்ஸ்டலேஷன் என்ற பெரிய மது நிறுவனம் 100 கோடி டொலர் கொடுத்து வாங்கி, 2019இல் பெயர் தெரியாத ஒரு சின்னப் புறூவரிக்குக் கைமாற்றிவிட்டது. விற்ற விலையை வெளியே சொல்லவேயில்லை. அதிகம் அடிபட்டவர்கள் மாநிலம் மாநிலமாக ரின்னும் போத்தலும் அனுப்பியவர்கள். கடைத் தட்டில் இடம் பிடிக்கும் செலவு, வட்டி, 2025 ஜூனில் 50% ஆன அலுமினியத் தீர்வை எல்லாம் அவர்கள் தலையில்தான் இறங்கின. சொந்தக் கவுண்டரில் கிளாஸ் கிளாஸாக விற்றவர்கள் ஓரளவு தாக்குப்பிடித்தார்கள்.

இங்கே கணக்கு இன்னும் இறுக்கம். மதுவரி போத்தலின் அளவைப் பார்த்து மட்டும் வருவதல்ல, மதுசாரத்தின் வீதத்தையும் பார்க்கிறது. அதற்கு மேல் 2024 ஜனவரியிலிருந்து 18% வற். நம் ஊரில் பியர் வாங்குபவர்களில் பெரும்பகுதி ‘ஸ்ட்ரோங்’ கேட்பவர்கள். ஒரு ரூபாவுக்கு எவ்வளவு ஏறும் என்று மனதுக்குள் கணக்குப் போடுபவர்கள். அந்தக் கணக்கில் பியகமவின் பெரிய ஆலையோடு போட்டி போட்டால் முதல் வருடமே முடிந்துவிடும். 5%க்குள் நின்று, ருசியை விற்று, உங்கள் இடத்திலேயே விற்பதுதான் வழி.

எவ்வளவு விற்க வேண்டும்? ஒரு தடவைக்கு 500 லீற்றர் காய்ச்சினால், தாங்கியின் அடியிலும் குழாயிலும் போனது போக 440 லீற்றர் கையில் நிற்கும். 330 மில்லிலீற்றர் கிளாஸில் 1,333. மாதம் நாலு தடவை காய்ச்சினால் 5,300 சொச்சம். போயா தினம் போக 29 நாள் என்றால் நாளுக்கு 184 கிளாஸ். உங்கள் கடையில் இருக்கை எத்தனை, சனி ஞாயிறில் எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணி, இந்த 184 வருமா என்று பாருங்கள். வராவிட்டால் தாங்கியைச் சின்னதாக்குங்கள். “மிச்சத்தை சூப்பர் மார்க்கெட்டுக்குக் கொடுப்போம்” என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். வரி முன்னுக்குப் போகும், காசு பின்னுக்கு வரும். நடுவில் உங்கள் முதல் கரையும்.

உற்பத்தி உரிமமும் அங்கேயே பரிமாறும் உரிமமும் ஒன்றல்ல. கட்டட வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட முன் இராஜகிரிய மதுவரித் திணைக்களத்தில் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். நடப்பு வர்த்தமானியைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள். நண்பர் சொன்ன வரி வீதத்தை நம்பிப் போட்ட விலைப்பட்டியல் எதுவும் நிலைத்ததில்லை.

கேள்வி: எங்கள் ஹோட்டலின் மொட்டைமாடி பாரில் கெக் (காஸ் அழுத்தத்தில் ஓடும் உலோகப் பீப்பாய்) பியர் பாதிக்குப் பாதி நுரையாகப் போகிறது. கெக் கீழ்மாடிக் குளிர்அறையில் இருக்கிறது. விற்பவர் காஸைக் கூட்டச் சொல்கிறார். (கொள்ளுப்பிட்டி)

காஸைக் கூட்டினால் இன்று வரும், நாளை இன்னும் நுரைக்கும். காரணம் இதுதான்: பியரை ஓர் அடி மேலே தூக்க ஏறத்தாழ 0.43 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வேண்டும். ஐந்து மாடி, 50 அடி என்றால் தூக்குவதற்கே 21 பிஎஸ்ஐ. குழாயின் உராய்வுக்கு இன்னும் வேண்டும். ஆனால் 3 பாகை குளிரில் இருக்கும் பியர் தன் காஸை (கனவளவைப்போல 2.5 மடங்கு) அப்படியே வைத்திருக்கக் கேட்பது 11 அல்லது 12 பிஎஸ்ஐ மட்டும். சுத்தமான காபனீரொட்சைட்டில் 30க்கு மேல் வைத்தால், இரண்டு மூன்று நாளில் அந்தக் காஸ் பியருக்குள் கரைந்து ஏறிவிடும். பிறகு குழாயைத் திறந்ததும் எல்லாம் நுரை.

மூன்று வழி உண்டு. மலிவானது, மொட்டைமாடியிலேயே கெக் குளிரூட்டி வைப்பது. குழாய் 3/16 அங்குல உள்விட்டத்தில் 6 முதல் 10 அடி போதும். இரண்டாவது, நைதரசன் கலந்த காஸ். அழுத்தம் அதிகம் கொடுத்தாலும் பியருக்குள் ஏறுவது குறைவு. மூன்றாவது, காஸால் ஓடும் பியர் பம்ப். தூக்கும் வேலையைப் பம்ப் செய்யும், கெக்கின் அழுத்தம் 12இலேயே நிற்கும். பின்னைய இரண்டுக்கும் குழாய்க் கற்றையோடு கிளைகோல் (உறையாத குளிர்திரவம்) ஓட வேண்டும். கொழும்பு வெயிலில் சுவரோரம் ஏறும் வெறுங்குழாய் பியரைத் தேநீராக்கிவிடும்.

இதற்கெல்லாம் முன் எந்தக் கிளாஸ் நுரைக்கிறது என்று பாருங்கள். முதல் கிளாஸ் மட்டும் என்றால் குழாய்த்தலை சூடாக இருக்கிறது. எல்லாக் கிளாஸும் என்றால் கெக் குளிரவில்லை. லொறியிலிருந்து 30 பாகையில் இறங்கிய 50 லீற்றர் கெக் உள்வரை குளிர ஒரு முழு நாளுக்கு மேல் பிடிக்கும். காலையில் வந்ததை மாலையில் பொருத்தினால் நுரைதான் வரும். புதுக் கெக் நல்லாக ஓடி மூன்றாம் நாள் நுரைத்தால் அழுத்தம் கூட. அழுத்தமும் குளிரும் சரியாக இருந்தும் விட்டு விட்டு வந்தால் குழாய் இணைப்பின் வாஷரைக் கழற்றிப் பாருங்கள்.

குழாய் கழுவுவதையும் விடாதீர்கள். 14 நாளுக்கு ஒருமுறை 2% கோஸ்டிக் கரைசல், இளஞ்சூட்டில், பம்பால் 15 நிமிடம் சுற்றவிட்டு, பிறகு நல்ல தண்ணீர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமிலக் கழுவல். கழுவாத குழாயில் வரும் பியர் வெண்ணெய் அல்லது வினாகிரி வாசம் அடிக்கும். வாடிக்கையாளர் பியரைத்தான் திட்டுவார்.

கேள்வி: வீட்டில் பியர் காய்ச்சிப் பழகலாமா? விற்க அல்ல. (மாளிகாவத்தை)

கூடாது. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் காய்ச்சுவதே குற்றம், விற்காவிட்டாலும்.

கேள்வி: விளாம்பழக் கூழ் சேர்த்து ஒரு பியர் ரின்னில் அடைத்தோம். எங்கள் குளிர்அறையில் ஒரு பிரச்சினையும் இல்லை. கடைக்குப் போனதும் இரண்டு வெடித்தது. ரின் தரமில்லையா? (வத்தளை)

ரின்னைக் குறை சொல்ல வேண்டாம். பியருக்குள் ஈஸ்ட் (சீனியைத் தின்று மதுசாரமும் காஸும் தரும் நுண்ணுயிர்) உயிரோடு இருந்தது, நீங்கள் கூழோடு சீனியைக் கொடுத்தீர்கள். லீற்றருக்கு 10 கிராம் சீனி மிஞ்சியிருந்தால், அது புளித்து முடியும்போது இன்னும் 2.5 மடங்கு காஸ் சேரும். முதலில் இருந்த 2.5ஓடு மொத்தம் 5. 4 பாகையில் இது சுமார் 35 பிஎஸ்ஐ, ரின் பேசாமல் இருக்கும். 30 பாகையில் அதே ரின்னுக்குள் 90ஐத் தாண்டும், சாதாரண பியர் ரின் தாங்கும் எல்லையே 90 அளவுதான். குளிரில் ஈஸ்டும் தூங்குகிறது, கடையில் விழித்துக்கொள்கிறது. ஆக இரண்டு பக்கத்தாலும் அடி.

கடையில் மிச்சமிருப்பதை இன்றே திருப்பி எடுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டு, குளிரவைத்த பிறகே திறந்து ஊற்றுங்கள்.

அடுத்த தடவை கூழைத் தாங்கியிலேயே போட்டு, ஈஸ்டை அங்கேயே சீனியைத் தின்னவிடுங்கள். அடர்த்திமானி மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண் காட்ட வேண்டும். அதோடு நிற்காதீர்கள். 300 மில்லிலீற்றர் மாதிரி எடுத்து, ஒரு கரண்டி புது ஈஸ்ட் போட்டு, மேசையில் 30 பாகையில் இரண்டு நாள் வையுங்கள். தாங்கியின் எண்ணும் மாதிரியின் எண்ணும் ஒன்றாக இருந்தால் மட்டும் அடையுங்கள். 1.010 என்று தாங்கி சொல்ல, மாதிரி 1.008க்கு இறங்கினால், அந்த இரண்டு புள்ளியே ஏறத்தாழ ஒரு மடங்கு காஸ். பழமே போடாத ஐபிஏயிலும் (ஹொப்ஸ் கூடிய பியர்) இது நடக்கும். குளிரில் போடும் ஹொப்ஸில் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) உள்ள நொதியங்கள் புளிக்காத மாச்சத்தைப் புளிக்கும் சீனியாக உடைத்துவிடும்.

“பழத்தின் இனிப்பு அப்படியே நிற்க வேண்டும்” என்றால் ரின்னோடு பாஸ்சரைஸ் செய்வதை (சூடாக்கி ஈஸ்டையும் கிருமியையும் கொல்வதை) தவிர வழியில்லை. அப்போது காஸை 2.3 மடங்குக்கு மேல் ஏற்றாதீர்கள், ரின்னின் மேற்பகுதியில் கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள். 60 பாகையில் உள்ளழுத்தம் திரும்பவும் அந்த எல்லையைத் தொடப் பார்க்கும்.

கேள்வி: தெரிந்த தம்பி ஒருவர் புறூவரி தொடங்குகிறார். ஐம்பது பேரிடம் சின்னச் சின்னப் பங்காகக் காசு சேர்க்கிறார். போடலாமா? (பம்பலப்பிட்டி, கணக்காளர்)

உங்கள் பங்குக்கு முன்னால் வரிசையில் யார் நிற்கிறார் என்று கேளுங்கள். ஸ்கொட்லாந்தின் பிரூடோக் ஆயிரக்கணக்கான ரசிகர்களுக்குப் பங்கு விற்ற பியர் நிறுவனம். 2017இல் ஒரு முதலீட்டு நிறுவனம் சுமார் 21 கோடி 30 இலட்சம் பவுணுக்கு 22% பங்கு எடுத்தது. அது சாதாரணப் பங்கல்ல. ஆண்டுக்கு 18% கூட்டுவட்டி போல வளரும், விற்கும்போது முதலில் வாங்கிக்கொள்ளும் முன்னுரிமைப் பங்கு. 18% எட்டு ஆண்டில் முதலை ஏறத்தாழ 3.8 மடங்காக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதை அடைத்த பிறகு மிஞ்சினால்தான் ரசிகர்களுக்கு. தம்பி நல்லவராக இருக்கலாம். நாளைக்கு அவர் யாரிடம் எந்த நிபந்தனையில் காசு வாங்குவார் என்பதை இன்றைய ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: லேபல் அங்கீகாரம் கிடைத்த பிறகு கம்பனியின் பெயரை மாற்றலாமா? (நுகேகொட)

இந்தியாவின் பீரா 91 பியர் கம்பனியின் கதையைப் பாருங்கள். பங்குச்சந்தைக்குப் போகும் ஆயத்தத்தில் கம்பனிப் பெயரிலிருந்து ‘பிரைவேட்’ என்ற ஒரு சொல்லை எடுத்தார்கள். பெயர் மாறியதால் மாநிலம் மாநிலமாக லேபலைத் திரும்பப் பதிய வேண்டி வந்தது, மாதக்கணக்கில் விற்பனை நின்றது. 2023-24 நிதியாண்டில் 638 கோடி இந்திய ரூபா வருமானத்துக்கு 748 கோடி நட்டம். முழு நட்டமும் அதனால் அல்ல, ஆனால் விழுந்த அடி பெரிது. பெயரை முதலில் முடிவு செய்யுங்கள், பிறகு லேபல். அதோடு, அச்சிட்ட ரின்னை இலட்சக்கணக்கில் இறக்காதீர்கள். வெறும் ரின்னில் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், ஒரு சொல் மாறினால் போவது ஸ்டிக்கர் மட்டுமே.

கேள்வி: சீனாவிலிருந்து பியர் காய்ச்சும் 500 லீற்றர் செட் ஒன்று விலை பேசியிருக்கிறோம். கொழும்புக்கு என்று எதைக் கூடுதலாகக் கேட்க வேண்டும்? (தெஹிவளை)

குளிரைக் கேளுங்கள். 19ஆம் நூற்றாண்டில் பியர் காய்ச்ச நுவரெலியாவுக்குப் போனவர்கள் காரணம் இல்லாமல் போகவில்லை. செட்டோடு வரும் தட்டுக் குளிரூட்டி, குழாய்த் தண்ணீர் 12 அல்லது 15 பாகையில் வரும் ஊருக்காகச் செய்தது. இங்கே அது 28 அல்லது 29இல் வரும். எவ்வளவு நல்ல குளிரூட்டியும் கொதித்த வோர்ட்டை (முளைவிட்ட தானியமான மோல்ட்டை ஊறவைத்து எடுத்த சாறு) 32, 33க்குக் கீழே இறக்காது. அந்தச் சூட்டில் சாதாரண ஈஸ்டைப் போட்டால் நெயில் பொலிஷ் வாசமும் மறுநாள் தலையிடியும். மெல்ல ஆறட்டும் என்று விட்டால் அவித்த சோள வாசம் ஏறும்.

எனவே இரண்டு கட்டக் குளிரூட்டி கேளுங்கள். முதல் கட்டத்தில் குழாய்த் தண்ணீர், இரண்டாம் கட்டத்தில் 3 பாகைத் தண்ணீர். 500 லீற்றரை 33இலிருந்து 18க்கு இறக்க ஏறத்தாழ 8.75 கிலோவாட் மணி வெப்பத்தை எடுக்க வேண்டும். அரை மணியில் நேரே கிளைகோலால் எடுக்கப் போனால் 17.5 கிலோவாட் குளிர்ச்சித்திறன் கொண்ட சில்லர் (குளிரூட்டும் இயந்திரம்) வேண்டும். 1,000 லீற்றர் குளிர்நீர்த் தாங்கி ஒன்றை இரவு முழுதும் மெல்லக் குளிரவைத்தால் அதற்குச் சின்னச் சில்லரே போதும். தாங்கியின் விலை சில்லரின் விலை வித்தியாசத்திலேயே வந்துவிடும். முதல் கட்டத்திலிருந்து சூடாக வெளியே வரும் தண்ணீரைக் கானில் விடாதீர்கள், அடுத்த மோல்ட் ஊறலுக்கு வையுங்கள்.

லாகர் (குளிரில் மெல்லப் புளிக்கும் பியர்) ஆசை இல்லை என்றால் நோர்வேயின் குவைக் ஈஸ்டைப் பாருங்கள். 35 பாகையிலும் சுத்தமாகப் புளிக்கவைக்கும். நம் காலநிலைக்கு என்றே பிறந்தது போல. அதற்காகச் சில்லரை வெட்டிவிடாதீர்கள், புளித்து முடிந்ததைக் குளிரவைக்க அது வேண்டும்.

கொழும்புத் தண்ணீர் மென்மை என்பது நல்ல சேதி. கல்சியத்தை நீங்களே 50 முதல் 100 பிபிஎம் வரை ஏற்றிக்கொள்ளலாம். குளோரினை மட்டும் எடுத்துவிடுங்கள். 1,000 லீற்றருக்கு 6 முதல் 10 கிராம் பொட்டாசியம் மெற்றாபைசல்பைற்று போதும். விட்டால் பியரில் மருந்து வாசம் வரும், பிறகு எதனாலும் போக்க முடியாது.

கேள்வி: ஹொப்ஸ் விற்பவர் மூன்று வருட ஒப்பந்தம் கேட்கிறார். (ராஜகிரிய)

இப்போது வேண்டாம். பழைய இருப்பு தேங்கியதால் அமெரிக்க வடமேற்கில் 2024இல் ஹொப்ஸ் பயிரிட்ட பரப்பையே 18% குறைத்தார்கள். தேவைக்குத் தேவை வாங்குங்கள். அறுவடை ஆண்டைக் கேளுங்கள், நைதரசன் அடைத்த அலுமினியப் பையா என்று பாருங்கள், வந்ததும் ஆழ்குளிரில் போடுங்கள். துறைமுகத்தில் வெயிலில் நின்ற பெட்டியிலிருந்து வந்த பை என்றால் திறந்து மணந்து பாருங்கள். சீஸ் வாசம் அடித்தால் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: இன்ஸ்டகிராமில் எங்கள் பியரைப் போடலாமா? (வெள்ளவத்தை)

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மதுசார விளம்பரத்தையும் அனுசரணையையும் தடை செய்கிறது, 21 வயதுக்குக் கீழ் விற்பனையையும். உங்கள் பக்கத்தில் சாப்பாட்டைக் காட்டுங்கள், இசை நிகழ்ச்சி நேரத்தைப் போடுங்கள். போத்தலையும் விலையையும் போடும் முன் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

கேள்வி: மதுசாரம் இல்லாத பியருக்கு உலகம் முழுக்கக் கிராக்கி என்கிறார்கள். எங்கள் செட்டிலேயே காய்ச்சி கெக்கில் விற்கலாமா? (மட்டக்குளி)

கிராக்கி உண்மை. ஆனால் கெக்கில் வேண்டாம். சாதாரண பியரைக் காப்பது மதுசாரமும் புளிப்பும் ஹொப்ஸும். மதுசாரத்தை எடுத்துவிட்டால் கிருமிக்கு அது சீனித் தண்ணீர். வழமையான பியருக்கு 15 முதல் 30 பாஸ்சரைஸ் அலகு போதும் (60 பாகையில் ஒரு நிமிடம் ஓர் அலகு), இதற்கு 80க்கு மேல் வேண்டும். பீஎச் 4.5க்குக் கீழே நிற்க வேண்டும். இவ்வளவும் செய்து கெக்கில் அடைத்தாலும், பக்கத்துப் பியர் ஓடிய அதே குழாய்த்தலையில் ஈஸ்ட் காத்துக்கொண்டிருக்கும். ரின்னில் அடைத்து, ரின்னோடு சூடாக்கி விற்பதென்றால் செய்யுங்கள். அந்தப் பாஸ்சரைஸர் இன்னும் வாங்கவில்லை என்றால், வாங்கும் வரை ஜிஞ்சர் பியரை ஊற்றிக் கொடுங்கள்.