மட்டக்குதிரைக்கு அடிக்கடி வயிறு கெடுவது ஏன்?

கேள்வி: எங்கள் மட்டக்குதிரை 200 கிலோ இருக்கும். மாதம் இருமுறையாவது லத்தி இளகிப்போகிறது. விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. குடற்புழு மருந்து தவறாமல் கொடுக்கிறோம். காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: லத்தியிலிருந்தே தொடங்குங்கள். தரையில் படாத நாலைந்து உருண்டைகளை எடுத்து, கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் விட்டுக் கரைத்து, கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் மணல் படிந்தால் தரையில் தீவனம் போடுவதை நிறுத்த வேண்டும். படியாவிட்டாலும் குடலில் மணலே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. அதே லத்தியில் நீளநீளமாய் நார் தெரிந்தால் பல்லைச் சந்தேகியுங்கள். கடைவாய்ப் பல்லின் ஓரம் கூராகிவிட்டால் சரியாக மெல்லாது. பாதி மென்ற புல் உருண்டையாகக் கீழே விழும்.

புழு மருந்து கொடுத்ததாலேயே புழு இல்லை என்று எண்ண வேண்டாம். சில புழுக்கள் மருந்துக்குப் பழகிவிட்டன. மருந்துக்கு முன்பும் 14 நாள் கழித்தும் லத்தியில் புழு முட்டைகளின் எண்ணிக்கையைச் சோதித்துப் பாருங்கள். நாடாப்புழு இதில் பெரும்பாலும் சிக்காது. அதற்குத் தனிச் சோதனை உண்டு.

தீவனத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். குதிரையின் இரைப்பை ஓயாமல் அமிலம் சுரக்கும். நெடுநேரம் வெறும் வயிறாக விட்டால் புண் வரும். தினம் குறைந்தது 3 கிலோ உலர்புல்லைப் பிரித்துப் போடுங்கள். தானியத்தைக் குறையுங்கள். புதுத் தீவனத்தை 10 முதல் 14 நாளில் படிப்படியாக மாற்றுங்கள். வலி வந்த நாள், தின்றது, குடித்த தண்ணீர் மூன்றையும் குறித்துவையுங்கள்.

புரண்டு வியர்த்தாலோ, லத்தி நின்றாலோ சோதனையை விட்டு உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.