மக்கள் தொடர்புத் துறையில் முதல் இன்டர்ன்ஷிப்: நேர்முகத் தேர்வு கேள்வி பதில்

சென்னையில் ஒரு மக்கள் தொடர்பு நிறுவனத்துக்கு இன்டர்ன்களைத் தேர்வு செய்கிறவள் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மேடம், எழுத்துத் தேர்வும் உண்டாமே? என்ன எழுதச் சொல்வீர்கள்? (விஸ்காம் மாணவி, மதுரை)

பெரும்பாலும் ஒரு செய்திக்குறிப்பு. வேளச்சேரியில் ஒரு கண் மருத்துவமனை கிளை திறக்கிறது, இரவிலும் இயங்கும் என்று விவரம் கொடுத்து அரை மணி நேரம் தருவோம். "முன்னணி மருத்துவமனை பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கிறது" என்று தொடங்குகிறவர்களே அதிகம். மகிழ்ச்சி மருத்துவமனைக்கு, செய்தி ஆசிரியருக்கு என்ன வந்தது? "வேளச்சேரியில் இனி இரவிலும் கண் சிகிச்சை" என்று எழுதினால் தலைப்பே கிடைத்துவிடும். யார், என்ன, எங்கே, எப்போது என்பதெல்லாம் முதல் பத்திக்குள் வந்துவிட வேண்டும். பிறகு மருத்துவர் கூறியதாக ஒரு பத்தி, நிறுவனம் பற்றி மூன்று வரி, கடைசியில் தொடர்புக்கு ஒரு பெயரும் கைபேசி எண்ணும். அந்த எண்ணைத்தான் மறந்துவிடுகிறார்கள். நிருபருக்குச் சந்தேகம் வந்தால் யாரை அழைப்பார்?

எனக்கு மனிதர்களோடு பழகப் பிடிக்கும். அதைச் சொன்னால் போதுமா? (திருச்சி)

போதாது. சொல்லவே வேண்டாம். அன்று காலை நாளிதழில் படித்த ஒரு செய்தியைச் சொல்லுங்கள், அது யாருடைய முயற்சியால் வந்திருக்கும் என்று ஊகியுங்கள்.

என்ன உடை?

இஸ்திரி போட்டது.

வெளிவந்த செய்தியின் பரப்பை அந்தப் பத்திரிகையின் விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி, 'இவ்வளவு லட்சம் மதிப்பு' என்று சொன்னால் தேர்வாளர் அசந்துவிடுவார் என்கிறார் என் சீனியர். (எம்.பி.ஏ., கோவை)

நான் அசர மாட்டேன். அந்தக் கணக்கு மக்கள் தொடர்பின் மதிப்பாகாது என்று 2010-லேயே பார்சிலோனா கொள்கைகள் (மக்கள் தொடர்பின் பலனை எப்படி அளப்பது என்று இத்துறையினர் சர்வதேச அளவில் வகுத்த நெறிகள்) சொல்லிவிட்டன.

ஆனால் வாடிக்கையாளர்கள் அதைத்தானே கேட்கிறார்கள்? (மீண்டும் கோவை)

கேட்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் 2015 ஜூனில் மேகி நூடுல்ஸ் பாதுகாப்பற்றது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் திரும்பப் பெறச் சொன்னபோது அது நாடெங்கும் முதல் பக்கச் செய்தி. உங்கள் சீனியரின் கணக்குப்படி அந்த மாதம் நெஸ்லேயின் மக்கள் தொடர்புப் பிரிவுக்குப் போனஸ் கொடுத்திருக்க வேண்டும்!

திட்டி வந்த செய்தியைக் கழித்துவிட்டால்? (கோவையேதான்)

பாராட்டாக வந்த நான்கு பத்தியை யார் படித்தார்கள், படித்து என்ன செய்தார்கள்? மருத்துவமனைக்கு விசாரித்து எத்தனை அழைப்பு வந்தது என்று கேட்டால் உங்கள் பெருக்கல் பதில் சொல்லாது. தேர்வில் இந்தப் பேச்சு எழுந்தால், கணக்கு தெரியும், அதன் ஓட்டையும் தெரியும் என்று காட்டுங்கள். தம்பி, நீங்கள் வாதாடுவது பிடித்திருக்கிறது. ஆனால் மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

நெருக்கடியை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டால்? (சேலம்)

எல்லோரும் 1982 டைலனால் கதையைச் சொல்கிறார்கள்: டைலனால் என்ற வலி நிவாரணியில் யாரோ சயனைடு கலந்ததில் அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் ஏழு பேர் இறந்தார்கள், அதைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் நாடு முழுவதும் மாத்திரைப் புட்டிகளைத் திரும்பப் பெற்றது. நல்ல கதைதான், ஆனால் இன்டர்னிடம் யாரும் அந்த முடிவை விடப் போவதில்லை. உங்களுக்கு வருவது நிருபரின் அழைப்பு. பெயர், பத்திரிகை, கேள்வி, எத்தனை மணிக்குள் பதில் வேண்டும் என்று குறித்துக்கொண்டு மேலதிகாரியிடம் ஓடுவேன் என்று சொல்லுங்கள். நானாகப் பதில் சொல்ல மாட்டேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா, நன்றாகப் பேசுவேன், எல்லோருடனும் பழகுவேன்... (வேலூர்)

திருச்சிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சினிமா பி.ஆர்.ஓ. ஆக வேண்டும். (சென்னை)

அது தனி உலகம், எனக்குப் பழக்கமில்லை. அங்கே இருப்பவர்களைக் கேளுங்கள்.

டை கட்டலாமா?

இஸ்திரி போட்டது!

உதவித்தொகை பற்றிக் கேட்டால் தவறாக நினைப்பார்களா? (தஞ்சாவூர்)

இல்லை. கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா" என்பார்கள், அப்போது கேளுங்கள். எவ்வளவு, எத்தனை மாதம், நிகழ்ச்சிகளுக்குப் போய்வரும் செலவு யாருடையது என்று மூன்றையும் கேட்டு, சேருவதற்கு முன் மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.