கல்லாவில் பணம் குறைந்தால் சம்பளத்தில் பிடிக்கலாமா?

கேள்வி: பிளஸ் டூ முடித்துவிட்டு, கோவையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில்லிங்கில் சேர்ந்திருக்கிறேன். இரவு கணக்கு முடிக்கும்போது அடிக்கடி நூறு, இருநூறு குறைகிறது. சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். நான் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் மனதைத் தளரவிடாதீர்கள். பல நேரங்களில் அந்தப் பணம் எங்கேயும் போயிருக்காது. வாடிக்கையாளர் ஜிபேயில் கட்டியிருப்பார். கூட்ட நேரத்தில் நீங்கள் ‘கேஷ்’ என்று பில்லை முடித்திருப்பீர்கள். கல்லாவில் 180 ரூபாய் குறையும், யூபிஐ கணக்கில் அதே 180 கூடுதலாக நிற்கும். அதனால் குறைவு என்று சொன்னதும், அன்றைய யூபிஐ வரவையும் பில் அறிக்கையையும் சேர்த்துப் பார்க்கக் கேளுங்கள்.

அடுத்தது மீதி கொடுக்கும் இடம். பில் 268 ரூபாய். 500 ரூபாய் நோட்டு தருகிறார், நீங்கள் 232 எடுத்துவிட்டீர்கள். அப்போதுதான், “சில்லறை 68 இருக்கு, வாங்கிக்குங்க” என்பார். கையிலிருக்கும் 232-ஐக் கல்லாவில் திரும்பப் போடுங்கள். 68-ஐ வாங்கிக்கொண்டு, புதிதாக 300 எண்ணிக் கொடுங்கள். அதுவரை அந்த 500 நோட்டு மேசை மேலேயே இருக்கட்டும். பின்னால் வரிசை முணுமுணுத்தாலும் பரவாயில்லை.

சரி, பிடித்தம்? உங்களிடம் ஒப்படைத்த பணம் உங்கள் கவனக்குறைவால் நேரடியாகக் குறைந்திருந்தால்தான் பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்கும் முன்பு உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். எவ்வளவு குறைந்ததோ அதற்கு மேல் பிடிக்கவும் கூடாது. நீங்கள் சாப்பிடப் போன நேரத்தில் உங்கள் லாகினில் இன்னொருவர் பில் போட்டிருந்தால், அந்தக் குறைவு உங்களுடையது என்று எப்படிச் சொல்ல முடியும்? எழும்போதெல்லாம் லாக் அவுட் செய்யுங்கள். காலையில் தரும் சில்லறையை அவர்கள் முன்னாலேயே எண்ணுங்கள். பக்கத்து கவுண்டருக்குச் சில்லறை மாற்றினால் உடனே குறித்துவையுங்கள்.

இன்னொன்று, கால் கடுக்க நின்றால் எண்ணிக்கை தவறத்தான் செய்யும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் செய்த திருத்தப்படி, ஊழியர்களுக்கு இருக்கை வைத்தே ஆக வேண்டும். தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. நடுவில் ஒரு மணி நேர ஓய்வு உண்டு. தயங்காமல் கேளுங்கள்.

இதற்குப் பிறகும் விளக்கம் கேட்காமல் பிடித்தால், எந்தத் தேதியில் எவ்வளவு என்று எழுதிவைத்து, சம்பளச் சீட்டோடு தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனு கொடுங்கள்.