அட்லஸில் ஒரு ‘தற்போது’

அன்புள்ள ஐயா,

ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் என் அண்ணன் பழைய சாமான் சந்தையில் ஒரு பள்ளி அட்லஸ் வாங்கி அனுப்பினார். அட்டையில் ‘டீர்க்கெ’ என்று இருக்கிறது, அறுபதுகளில் அச்சானது. அதில் போலந்தின் மேற்குப் பகுதி ஜெர்மனிக்குள் இருக்கிறதே, போர் முடிந்து இருபது வருடம் கழித்தும்? அச்சுப்பிழையா? எகிப்துப் பாலைவனத்தில் வேறு பச்சை அடித்திருக்கிறார்கள்!

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

பிழையில்லை, தெரிந்தே வரைந்ததுதான். உற்றுப் பாருங்கள், ஓடர், நைஸ்ஸெ ஆறுகளை ஒட்டி இன்னொரு மெல்லிய கோடு ஓடும். அதற்குக் கிழக்கே பொடி எழுத்தில் ‘தற்போது போலந்து நிர்வாகத்தில்’ என்று ஜெர்மனில் இருக்கும். அந்தத் ‘தற்போது’வில்தான் விஷயமே.

1945-இல், போரில் வென்ற நாடுகள் கூடிய போட்ஸ்டாம் மாநாட்டில் அந்த நிலத்தைப் போலந்தின் நிர்வாகத்தில் விட்டார்கள். முடிவான எல்லையைச் சமாதான ஒப்பந்தத்தின்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒப்பந்தம் வரவேயில்லை. எல்லை இன்னும் முடிவாகவில்லை என்பதை மேற்கு ஜெர்மனி கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்குவதற்கு முந்தைய, 1937-இன் எல்லையே சட்டப்படி செல்லும் என்றது. அங்கிருந்து துரத்தப்பட்டு வந்த பல லட்சம் பேர் மேற்கே வாக்காளர்கள். ‘போனது போனதுதான்’ என்று எந்தக் கட்சி அவர்களிடம் சொல்லும்? 1965-இல் அரசு ஒரு சொல்விதியே போட்டது: ஓடர்-நைஸ்ஸெயை ‘எல்லை’ என்னக்கூடாது, ‘கோடு’ என்றுதான் சொல்ல வேண்டும். 1971-இல் அதைக் கைவிட்டார்கள். ஒன்றுபட்ட ஜெர்மனி ஓடர்-நைஸ்ஸெயை எல்லை என்று போலந்துடன் கையெழுத்திட்டது 1990 நவம்பரில்தான்.

டீர்க்கெ அட்லஸ் இந்த எல்லைத் தகராறைவிட மூத்தது. 1883-இல் பிரவுன்ஷ்வைக் நகரத்து வெஸ்டர்மன் பதிப்பகம் முதலில் வெளியிட்டது. கார்ல் டீர்க்கெ ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்காரர், கூடச் சேர்ந்தவர் லைப்சிக் வரைபடக்காரர் எடுவார்ட் கேப்ளர் (வானியல்காரர் வேறு ஆள்). அந்த வருடம் ஜெர்மனிக்கு ஆப்பிரிக்காவில் கைப்பிடி மண் கிடையாது. அடுத்த வருடமே டோகோ, கேமரூன், தென்மேற்கு ஆப்பிரிக்கா என்று சேர ஆரம்பித்தது. முதல் உலகப்போரோடு அத்தனையும் போயிற்று. ஒவ்வொரு முறையும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதுப் படம். இன்றும் அதே பதிப்பகம்தான் போடுகிறது. நமக்கு ஜெராக்ஸ் மாதிரி, அங்கே பலருக்கு டீர்க்கெ என்றாலே அட்லஸ்தான்.

அப்புறம் அந்தப் பச்சை. அது மரம் செடி இல்லை, உயரம். தாழ்நிலத்துக்குப் பச்சை, மேட்டுக்குப் பழுப்பு. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜெர்மன் வரைபடக்காரர் எமில் ஃபான் சிடோ பள்ளிப் படங்களில் பரப்பிய முறை அது. பாலைவனமானாலும் தாழ்வாக இருந்தால் பச்சைதான். நானும் பத்தாவது வரை பச்சை என்றால் காடு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எந்த வாத்தியாரும் திருத்தவில்லை, அவர்களும் அப்படியே நினைத்தார்களோ என்னவோ.

சிடோவின் அட்லஸ் வெளிவந்தது கோத்தா நகரத்தில். போருக்குப் பிறகு அந்த ஊர் கிழக்கு ஜெர்மனிக்குள் போனது. 1950-லேயே ஓடர்-நைஸ்ஸெயை எல்லை என்று ஒப்புக்கொண்ட நாடு அது. அண்ணனிடம் சொல்லி, அதே அறுபதுகளில் கோத்தாவில் அச்சான அட்லஸ் ஒன்று சந்தையில் கிடைக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கிடைத்தால் உங்களுடையதன் பக்கத்தில் வைத்து, அந்த இரண்டு ஆறுகளையும் மட்டும் பாருங்கள்.