தாய் இறாலுக்குப் போடும் புழு எந்த இனம்? எங்கிருந்து வந்தது?

கேள்வி: ஐயா, கடலோரத்தில் வெனாமி இறால் பொரிப்பகம் நடத்துகிறேன். தாய் இறால்களுக்குச் சினை பிடிக்க உயிருள்ள பாலிகீட் புழு போடுகிறோம். புழு கொண்டுவருபவர் ரசீதில் ‘மார்பைசா சாங்குனியா’ என்று எழுதித் தருகிறார். நாமே வளர்த்தால் என்ன என்று எண்ணி, அந்தப் பெயரில் கிடைத்த வெளிநாட்டு வளர்ப்புக் குறிப்பைப் படித்து, தொட்டியில் மணல் பரப்பி 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கடல்நீரில் விட்டேன். பாதிக்கு மேல் மணலுக்குள் போகாமல் மேலேயே கிடந்து இறந்துவிட்டன. வாங்கி வந்த சேற்றில் கண்ணாடி போன்ற ஜெல்லி உருண்டைகளும் இருந்தன. இது உண்மையிலேயே அந்த இனம்தானா? இது எங்கெல்லாம் வாழ்கிறது? உயிரோடு போடுவதில் ஆபத்து உண்டா?

பதில்:

உங்கள் ரசீதில் இருப்பது வியாபாரப் பெயர். அதை விலங்கின் பெயராக எடுத்துக்கொண்டு வளர்ப்புக் குறிப்பைத் தேடியதில்தான் சிக்கல் தொடங்கியிருக்கிறது. புழு கொண்டுவருபவரைக் குறை சொல்லவும் முடியாது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக விஞ்ஞானிகளே இதே பெயரை உலகத்தின் எல்லாக் கரைகளுக்கும் தாராளமாக வழங்கியிருக்கிறார்கள்.

மார்பைசா சாங்குனியாவை 1813இல் முதன்முதலில் விவரித்தவர் ஜார்ஜ் மான்டேகு. அவர் பார்த்த புழு இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையைச் சேர்ந்தது. அவர் அதை ‘நீரெயிஸ்’ என்ற பேரினத்தில் சேர்த்தார். மார்பைசா என்ற பேரினத்தைக் காத்ரஃபாஜ் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் பின்னர் உருவாக்கினார். மான்டேகுவின் விவரிப்பு மிகச் சுருக்கமானது. அதனால் ஜப்பானிலோ ஆஸ்திரேலியாவிலோ இந்தியாவிலோ சிவந்த உடலும் பக்கவாட்டில் சீப்பு போன்ற செவுளும் கொண்ட பெரிய சேற்றுப் புழு ஒன்று கிடைத்தால், அதையும் சாங்குனியா என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. இப்படித்தான் அது ‘உலகெங்கும் பரவிய இனம்’ ஆனது.

2003இல் அந்தப் பழைய இனத்தை இங்கிலாந்துக் கரையின் மாதிரிகளைக் கொண்டே மறுபடியும் விரிவாக விவரித்தார்கள். அதே ஆய்வில் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் சாங்குனியா என்று அழைக்கப்பட்டு வந்த புழு வேறு என்று கண்டு, மார்பைசா முல்லாவா என்று தனிப் பெயர் வைத்தார்கள். அதன் பிறகு மூட்டை அவிழ்ந்தது. மலேசியாவின் அலையாத்திச் சேற்றுப் புழு 2014இல் மார்பைசா மொரிபிடியை ஆனது. பிலிப்பைன்ஸில் இறால் தீவனத்துக்காக வளர்க்கப்பட்ட புழு 2019இல் மார்பைசா இலோய்லோயென்சிஸ் ஆனது. ஜப்பானியத் தூண்டில்காரர்கள் ‘இவாமுஷி’ என்று ஒரே பெயரில் விற்ற புழுவுக்குள் ஐந்து இனங்கள் இருப்பதை அதே 2019இல் மரபணு ஆய்வு காட்டியது. அந்த ஐந்தில் ஒன்று, பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவிலிருந்து 2017இல் புதிய இனமாக அறிவிக்கப்பட்ட மார்பைசா விக்டோரி. உலகின் இரு மூலைகளில் ஒரே புழு இருக்கிறது என்றால், யாரோ தூண்டில் இரையாகவோ சிப்பிக் குஞ்சுகளோடு சேர்த்தோ கொண்டுபோயிருக்க வேண்டும் என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். புழு தானாக நீந்திப் போகிற தூரமல்ல அது.

ஆகவே உண்மையான சாங்குனியா ஐரோப்பாவின் அட்லாண்டிக் கரையைச் சேர்ந்த இனம். உங்கள் வாளியில் இருப்பது அதுவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இந்தியக் கரையில் நீங்கள் முதலில் நினைக்க வேண்டிய பெயர் மார்பைசா கிரேவ்லியை. ஒடிசாவின் சிலிகா ஏரியிலிருந்து சேகரித்த மாதிரிகளை வைத்து ரோலண்ட் சதர்ன் 1921இல் விவரித்த இனம் இது. சிலிகா ஆய்வில் பங்கேற்று, பின்னர் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த கிரேவ்லியின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. அடுத்து, 2020இல் இந்தியாவிலிருந்தே மார்பைசா மெட்ராஸி என்ற புதிய இனம் விவரிக்கப்பட்டிருக்கிறது. எனவே பழைய நூல்களில் ‘கிரேவ்லியை’ என்று இருப்பதையும் அப்படியே நம்பிவிட முடியாது. இரண்டில் எது உங்களுடையது என்பதைக் கடிதத்தை வைத்துச் சொல்ல இயலாது. ஆனால் இரண்டு தடயங்களை நீங்களே தந்திருக்கிறீர்கள்.

முதலாவது, அந்த ஜெல்லி உருண்டைகள். அவை புழுவின் முட்டைத் திரள்கள். 1931இலேயே சென்னையைச் சேர்ந்த விலங்கியலாளர் கோபால ஐயர், உவர்நீர் மார்பைசாவின் இனப்பெருக்கத்தை விரிவாக எழுதியிருக்கிறார். புழு தன் வளைவாயில் ஜெல்லித் திரளாக முட்டையிடுகிறது. கரு அந்த ஜெல்லிக்குள்ளேயே வளர்ந்து, சில உடல் கண்டங்கள் (வளையம் வளையமான பகுதிகள்) உருவான பிறகே வெளியே வருகிறது. கடலில் வாரக்கணக்கில் மிதந்து திரியும் இளவுயிரி இதற்கு இல்லை. பரவல் பற்றிய உங்கள் கேள்விக்கும் விடை இதில்தான் இருக்கிறது. பிறந்த சேற்றைவிட்டு வெகுதூரம் போகாத விலங்கு, ஒரே இனமாக எல்லாப் பெருங்கடல்களிலும் எப்படி இருக்கும்? ஒவ்வொரு கழிமுகமும் காலப்போக்கில் தனக்கென்று ஓர் இனத்தை உருவாக்கிக்கொண்டிருக்கிறது என்பதே பொருத்தமான விளக்கம். இந்தக் குடும்பத்தில் வேறு சில இனங்களும் ஜெல்லியிடுவதால், ஜெல்லி மட்டும் இனத்தை உறுதி செய்யாது.

இரண்டாவது தடயம் இறப்பு. சிலிகா உவர்நீர் ஏரி; மழைக்காலத்தில் அதன் உப்புத்தன்மை வெகுவாகக் குறையும். காயல்களிலும் முகத்துவாரங்களிலும் தோண்டியெடுக்கும் நம் மார்பைசா அத்தகைய நீருக்குப் பழகியது. அதை நீங்கள் ஒரே மூச்சில் 35 பி.பி.டி.யில் விட்டிருக்கிறீர்கள். உடல் நீர் வெளியேறிச் சுருங்கிய புழுவால் வளை தோண்ட முடியாது; மேலேயே கிடந்து சாகும். போதாக்குறைக்கு மணல். சேற்றில் வாழும் புழுவுக்குக் கரடான மணல் வீடாகாது. ஐரோப்பியக் குறிப்பு தவறானதல்ல. அது வேறு விலங்குக்கு எழுதியது, அவ்வளவுதான்.

அடுத்த முறை புழு வந்ததும் அதோடு வந்த நீரின் உப்புத்தன்மையை அளந்து, அதே அளவில் தொட்டி நீரைத் தயார் செய்யுங்கள். மாற்ற வேண்டுமானால் நாளுக்கு இரண்டு மூன்று பி.பி.டி.க்கு மேல் ஏற்றாதீர்கள். அடியில் மென்மையான வண்டலும் நுண்மணலும் கலந்து, ஒரு சாண் அளவுக்காவது பரப்புங்கள். அறுந்த புழுக்களை உடனே பொறுக்கி எடுத்துவிடுங்கள். ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பவையும் போகும்.

இனி, வாளியில் இருப்பது மார்பைசாவா என்பதையாவது நீங்களே பார்த்துவிடலாம். ஒரு கைலென்ஸ் போதும். தலை நுனி இரண்டாகப் பிளந்த மடல் போல இருக்கும். அதன் மேல் ஐந்து குட்டையான உணர்நீட்சிகள் தெரியும். அதை அடுத்துக் கால்களற்ற இரண்டு வளையங்கள். அந்த வளையங்களின் முதுகில் ஒரு ஜோடி மெல்லிய நீட்சி இருந்தால் அது மார்பைசா அல்ல, நெருங்கிய உறவான யூனிஸ். செவுள்கள் தலைக்குப் பக்கத்தில் இருக்காது. பல கண்டங்கள் தள்ளியே, சில இழைகள் கொண்ட சீப்பு போலத் தொடங்கும். வாளியில் குழாய் கட்டிக்கொண்டு, முன்பக்கச் செவுள் சுருள்வில் போலத் தெரிந்தால் அது டயோபட்ரா.

நீங்கள் உண்மையில் விழிப்பாகத் தேட வேண்டியது நீரிஸ் குடும்பத்துப் புழுக்களை. நான்கு கண்கள், தலைக்கு இருபுறமும் பல நீண்ட மீசைகள், அழுத்தினால் வெளியே துருத்தும் தொண்டை, அதன் நுனியில் இரண்டு கொக்கித் தாடைகள் என்றால் அந்தக் குடும்பம். பெரிநீரிஸ் இதில்தான் வரும்; அதுவும் பொரிப்பகங்களில் புழங்கும் தீவனமே. ஆனால் அதோடு, உடலின் முன்பகுதியில் சில கண்டங்களில் மட்டும் இறகு போன்ற செவுள்களும் இருந்தால் அது டெண்ட்ரோநீரிஸ். இந்தப் பேரினத்தின் ஓர் இனத்தையும் சதர்ன் அதே 1921 நூலில்தான் விவரித்தார். நம் உவர்நீர்ச் சேற்றுக்கு அது விருந்தாளி அல்ல.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், உங்கள் மூன்றாவது கேள்வி இங்கேதான் முதலாவதோடு சேருகிறது. பாலிகீட் புழுக்கள் இறாலைக் கொல்லும் வெள்ளைப்புள்ளி நோயின் வைரஸைத் தாய் இறாலுக்குக் கடத்துகின்றன என்பதைச் சென்னையின் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் 2005இல் மார்பைசாவை வைத்தே காட்டினார்கள். மார்பைசாவைப் பொறுத்தவரை அது சுமைதாங்கி. சேற்றோடு விழுங்கிய வைரஸைக் குடலில் வைத்திருந்து இறாலுக்குக் கொடுக்கிறது. டெண்ட்ரோநீரிஸில் கதை வேறு. இந்தோனேசியப் புழுக்களில் செய்து 2013இல் வெளியான ஆய்வு, அந்த வைரஸ் புழுவின் உடலுக்குள்ளேயே பெருகுவதைக் கண்டது. சுமைதாங்கிப் புழுவைச் சுத்தமான நீரில் பட்டினி போட்டுக் குடலைக் காலி செய்தால் சுமை ஓரளவு குறையும். உடலுக்குள் வைரஸ் பெருகும் புழுவை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை. வாளியில் இரண்டும் கலந்து வந்தால்? இனம் பார்ப்பது ஆய்வாளர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

இறாலின் செரிமான உறுப்பைத் தாக்கும் ஈ.எச்.பி. என்ற நுண்ணொட்டுண்ணியும் பாலிகீட்களில் கண்டறியப்பட்டிருக்கிறது. மைனஸ் 20 டிகிரியில் உறைய வைத்தால் அதன் ஸ்போர்கள் தொற்றும் திறனை இழக்கின்றன. ஆனால் உறைபதனம் வெள்ளைப்புள்ளி வைரஸைக் கொல்லாது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். இரண்டுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு வேண்டுமானால் 70 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கிய புழுவே ஏற்றது. உயிர்ப்புழுவின் கவர்ச்சி அதில் சற்றுக் குறையும் என்பது உண்மைதான். அராக்கிடோனிக் அமிலம் உள்ளிட்ட கொழுப்பமிலங்களுக்காகத்தான் சினைப் பருவத்தில் பாலிகீட்டை நாடுகிறோம். அதற்காக நோயற்றவை என்று சான்றளிக்கப்பட்ட தாய் இறால்களைப் பணயம் வைப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. உயிரோடுதான் போடுவேன் என்றால், ஒவ்வொரு வரவிலும் மாதிரி எடுத்து இரண்டு நோய்க்கும் பி.சி.ஆர். சோதனை முடியும்வரை புழுவைத் தனித் தொட்டியில் வைத்திருங்கள். இறால் பண்ணைகளின் கழிவு வாய்க்காலை ஒட்டித் தோண்டிய புழு என்று தெரிந்தால் வாங்கவே வேண்டாம்.

இனத்தை உறுதியாக அறிய விரும்பினால் நான்கைந்து முழுப் புழுக்களை எடுங்கள். மக்னீசியம் குளோரைடு கரைசலில் மயக்கிய பின், ஒவ்வொன்றின் வால்பக்கத்திலிருந்தும் ஒரு துண்டை 95 சதவீத எத்தனாலில் தனிக் குப்பியில் போடுங்கள், அது மரபணுவுக்கு. மீதி உடலை ஃபார்மலினில் நேராக நீட்டி வையுங்கள். தலையும் நடுவுடலும் சிதையாமல் இருப்பது முக்கியம்; செவுள் எந்தக் கண்டத்தில் தொடங்குகிறது, முட்கள் கூட்டு முட்களா தனி முட்களா, சீப்பு முட்கள் எத்தனை வகை என்பதையெல்லாம் பார்த்துத்தான் மார்பைசா இனங்களைப் பிரிக்கிறார்கள். இரு குப்பிகளிலும் ஒரே எண், தோண்டிய இடம், நாள், அன்றைய உப்புத்தன்மை ஆகியவற்றைப் பென்சிலில் எழுதிய சீட்டை உள்ளேயே போடுங்கள். ஆய்வகம், இனத்தை அடையாளம் காணப் பயன்படும் சி.ஓ.ஐ. என்ற மரபணுவின் வரிசையைப் பொதுத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டு ‘சாங்குனியா’ என்று பதில் அனுப்பினால், அத்தோடு நின்றுவிடாதீர்கள். ஆசியப் புழுக்களின் வரிசைகள் பழைய பெயரிலேயே அங்கே ஏராளமாகக் கிடக்கின்றன. ஒத்துப்போன வரிசை எந்த நாட்டுப் புழுவுடையது என்று கேளுங்கள்.

அந்த ஜெல்லி உருண்டைகளை வீசிவிடாதீர்கள். வந்த நீரின் உப்புத்தன்மையிலேயே, மெல்லிய காற்றோட்டத்துடன், அடியில் கொதிக்கவைத்து ஆறவைத்த வண்டலை விரல் கனத்துக்குப் பரப்பிய சிறு தொட்டியில் வையுங்கள். வெளிவரும் குட்டிகள் தாமே சேற்றுக்குள் இறங்கும். நோய்ச் சோதனையில் தேறிய தாய்களின் ஜெல்லியை மட்டும் இப்படிப் பிரித்து வளர்த்தால், உங்களுக்கென்று நோயற்ற புழுக் கூட்டம் ஒன்று உருவாகும். குட்டிகள் கொஞ்சம் பெரிதானதும் தொட்டியின் அளவு, தீவனம் பற்றி எழுதுங்கள். அப்போது இனத்தின் பெயரும் கையில் இருந்தால் பதிலும் துல்லியமாக இருக்கும்.