அக்கா சொன்னால் கர்த்தர் சொன்னதுபோலா? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மூன்று வருடங்களாக எங்கள் சபையைச் சேர்ந்த ஓர் அக்கா என்னை ஆவிக்குரிய வாழ்வில் நடத்தி வருகிறார். வேதம் வாசிக்கவும் தனி ஜெபம் செய்யவும் அவரிடம்தான் கற்றேன். இப்போது எனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது. “போகாதே, கர்த்தர் எனக்கு உணர்த்திவிட்டார்” என்கிறார். மீறிப் போனால் கீழ்ப்படியாமை ஆகுமா? – பெயர் வேண்டாம், குன்னூர் (வயது 23)

மகளே, உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அந்த அக்காவைப் பற்றி ஒரு குறைச்சொல்லும் இல்லை. அவர் உன்னை நன்றாகவே வளர்த்திருக்கிறார் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனாலும் நீ கேட்டதற்கு நேரான பதில்: ஆகாது.

உன் வயதில் எனக்கும் இப்படி ஒரு நாள் வந்தது. 1987ஆம் ஆண்டு. கோத்தகிரியில் எங்கள் சபையில், பணி ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் என்னைச் சேர்த்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை மாலைகளில் அவர் வீட்டு அடுப்படியில்தான் எங்கள் வேத பாடம். முறத்தில் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டே, “இந்த வாரம் யாரிடம் கோபப்பட்டாய்? போய்ப் பேசினாயா?” என்று கேட்பார். எத்தனை அதிகாரம் வாசித்தாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கூடலூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலைக்கு உத்தரவு வந்தது. வீட்டில் ஆளுக்கொரு கருத்து. நேரே அவரிடம் ஓடினேன். “உத்தரவு உன் பெயருக்கு வந்திருக்கிறது அம்மா, என் பெயருக்கு இல்லை. ஜெபித்துவிட்டு வா” என்றார். அடுத்த வியாழனும் கேட்டேன். மறுபடியும் அதே பதில். எனக்குக் கோபமே வந்துவிட்டது. இத்தனை நாள் கைபிடித்து நடத்தியவர், தேவைப்படும் நேரத்தில் கையை விடுகிறாரே என்று அழுதேன். கடைசியில் நானே முடிவு செய்தேன்.

புறப்படும் நாள் விடியற்காலையில் பஸ் நிலையத்தில் ஒரு துணிப்பையோடு நின்றிருந்தார். “நானும் வருகிறேன்” என்றார். அவ்வளவுதான். ஊட்டியில் வண்டி மாறினோம். பைக்காரா தாண்டி, நடுவட்டத்துக்குக் கீழே வளைவுகள் தொடங்கியதும் எனக்குத் தலை சுற்றியது. எலுமிச்சம்பழம் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, முகர்ந்துகொண்டே வரச் சொன்னார். கூடலூரில் நான் தங்கப்போகும் அறையைப் பார்த்தார். பின்கதவின் தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருந்தது. கடைவீதிக்கு நடந்து போய்ப் புதுத் தாழ்ப்பாள் வாங்கி, தச்சரைக் கூட்டிவந்து, நான்கு திருகாணிகளும் முடுக்கி முடியும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு என் தலையில் கைவைத்து இரண்டு வாக்கியம் ஜெபித்துவிட்டு, பிற்பகல் வண்டியைப் பிடித்துவிட்டார்.

முடிவை என்னிடம் விட்டவர், தாழ்ப்பாளை என்னிடம் விடவில்லை. ஒருவரை ஆவியில் வளர்ப்பது என்றால் என்னவென்று நான் அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

சாமுவேலின் முதலாம் புத்தகம் மூன்றாம் அதிகாரத்தை எடுத்துப் பார். சிறுவன் சாமுவேல் ஆசாரியரான ஏலியின் பொறுப்பில் வளர்கிறான். ஏலியிடம் குறைகள் நிறைய உண்டு, தன் பிள்ளைகளைத் திருத்தாமல் விட்டவர். ஆனால் அந்த இரவில் அவர் சரியாக நடந்துகொண்டார். தன் பெயர் சொல்லி அழைப்பது ஏலிதான் என்று நினைத்து, சிறுவன் மூன்று முறை அவரிடம் ஓடி வருகிறான். அழைப்பது கர்த்தர் என்று புரிந்ததும், அவனுக்குப் பதிலாகத் தான் போய்க் கேட்டுச் சொல்லவில்லை. என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் கற்றுக்கொடுத்து, மறுபடி போய்ப் படுக்கச் சொல்கிறார்.

அப்போஸ்தலர் நடபடிகள் 21ஆம் அதிகாரம் உன் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. எருசலேமுக்குப் போக வேண்டாம் என்று தீரு பட்டணத்துச் சீஷர்கள் அப்போஸ்தலர் பவுலிடம் சொல்கிறார்கள். செசரியாவில் அகபு என்ற தீர்க்கதரிசி, எருசலேமில் அவரைக் கட்டிப் பிடித்துக் கொடுப்பார்கள் என்று தீர்க்கதரிசனமே சொல்கிறார். எல்லோரும் அழுது கெஞ்சுகிறார்கள். அன்பினால்தான் கெஞ்சினார்கள். அவர் இணங்காதபோது, கர்த்தருடைய சித்தம் ஆகட்டும் என்று அமர்ந்துவிட்டார்கள். அவரைக் கீழ்ப்படியாதவர் என்று யாரும் சொல்லவில்லை.

ஆகவே அக்காவிடம் நீயே நேரில் போ. வேறு யார் மூலமாகவும் அவருக்குச் செய்தி போகக் கூடாது. “ஏன் அக்கா வேண்டாம் என்கிறீர்கள்?” என்று கேள். அந்த நிறுவனத்தைப் பற்றியோ தங்குமிடத்தைப் பற்றியோ உனக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். உன்னைப் பிரிய மனமில்லாத தாய்மனமாகவும் இருக்கலாம். பொறுமையாகக் கேள், பெற்றோரிடமும் பேசு, பிறகு நீ தீர்மானி. போவதென்றால், போன முதல் மாதத்திலேயே அங்கே ஒரு சபையில் சேர்ந்துவிடு. அக்காவுக்கும் தொடர்ந்து எழுது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. போனால் சாபம் வரும் என்று அவர் பயமுறுத்தினாலோ, நீ தனிமையில் அறிக்கையிட்டதைப் பிறரிடம் சொன்னாலோ, தயங்காமல் ஆயரிடம் போ.

கேள்வி: எங்கள் பையன்கள் திடப்படுத்தல் (சபையின் முழு அங்கத்தினராக ஏற்றுக்கொள்ளும் ஆராதனை) முடிந்த அடுத்த மாதமே ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்கு இன்னொரு வகுப்பு நடத்தலாமா? – தேயிலை நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் சபை மூப்பர், கோத்தகிரி

வகுப்பு வேண்டாம் தம்பி. நாற்றுகளின் மேலிருக்கும் நிழலை நீங்கள் ஒரே நாளில் எடுப்பதில்லை. பையன்களுக்கு மட்டும் திடப்படுத்தல் ஆராதனையோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. ஒரு மூப்பருக்கு இரண்டு பையன்கள், அதற்கு மேல் கூடாது. ஆலயத்தைத் திறப்பது, மணி அடிப்பது, காணிக்கை எண்ணி நோட்டில் எழுதுவது என்று உண்மையான வேலைகளைக் கூடவே இருந்து செய்யவிடுங்கள். கணக்கு ஒருநாள் தப்பும். அன்றைக்குத்தான் உங்கள் ஊழியமே தொடங்குகிறது. பவுலும் பர்னபாவும் ஊழியப் பயணம் போனபோது உடன் போன மாற்கு, பம்பிலியாவில் பாதியில் திரும்பிப் போனவர். பவுல் அவரை மறுபடி சேர்க்க மறுத்தார். பர்னபா அவரைக் கூட்டிக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பல் ஏறினார். பிற்பாடு அதே மாற்குவைத் தன்னிடம் அழைத்து வரும்படி பவுலே தன் உடன் ஊழியரான தீமோத்தேயுவுக்கு எழுதினார். ஓடிப்போனவனின் வீட்டுக் கதவைத் தட்ட ஒரு பர்னபா வேண்டும். அது நீங்களாக இருங்கள்.

கேள்வி: எனக்கு 67 வயது. சிறுமியாக இலங்கையிலிருந்து வந்து, தோட்டத்தில் கொழுந்து பறித்தே காலம் போயிற்று. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். வாலிபப் பெண் ஒருத்தியை நடத்த முடியுமா என்று ஆயர் கேட்கிறார். என்னால் ஆகுமா? – கூடலூர்

ஆகும் அக்கா. தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் அவர் பாட்டி லோவிசாளிடம் இருந்தது என்று பவுல் எழுதுகிறார். அவர் என்ன படித்திருந்தார் என்று எழுதவில்லை. அந்தப் பெண் வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். இந்த வசனம் உங்கள் வாழ்க்கையில் எங்கே நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள். கப்பல் ஏறிய நாள், முதல் பனிக்காலம், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவு, எல்லாவற்றையும் சொல்லுங்கள். 121ஆம் சங்கீதத்திலிருந்து தொடங்கலாம். எட்டே வசனங்கள்தான், ஒரு மாலைக்கு இரண்டு போதும்.